பார்சல் டப்பாவுக்குக் கொடுத்த பத்து ரூபாய்

ஓட்டலில் சாப்பாடு பார்சல் வாங்கினால் பில்லின் கடைசி வரியில் ‘பார்சல் சார்ஜ்’ என்று டப்பாவுக்கு ஐந்தோ பத்தோ ஏறுகிறது. குழம்புக்கு ஒரு டப்பா, கூட்டுக்கு ஒரு டப்பா, பொரியலுக்கு இன்னொன்று. சாப்பிட்டு முடித்த கையோடு எல்லாம் குப்பைக்குப் போகின்றன. நான் கேட்பது இதுதான்: அந்த டப்பாவை அலசிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால், அந்தப் பணம் நமக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். கடைக்காரர் விருப்பத்துக்கு விடாமல் அரசு இதை ஆணையாகவே போட வேண்டும். பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணிக்கும் நோட்டீசுக்கும் ஆகிற செலவில் பாதியை இதில் போட்டாலே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

மதுரையில் பழைய பேப்பர் கடை நடத்துகிறவள் நான். அப்பா ஆரம்பித்த கடை. அவர் இருந்த காலத்தில் தராசில் ஏறியது செய்தித்தாள், பரீட்சை முடிந்த நோட்டு, தகர டின், கண்ணாடி பாட்டில். இப்போது செய்தித்தாள் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆன்லைன் அட்டைப்பெட்டிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றுக்குப் பக்கத்திலேயே நாளுக்கு நாள் உயர்வது, சாப்பாட்டோடு வீட்டுக்குள் வந்து சாப்பிட்டவுடன் வெளியே வருகிற பிளாஸ்டிக். ஒரு தெருவின் வீடுகள் எதைத் தின்கின்றன, எதைச் சேர்த்து வைக்கின்றன, எதை வெட்கப்பட்டு மறைத்துப் போடுகின்றன என்பதெல்லாம் எங்கள் கடைக்கு வந்துவிடும். மக்களுக்கு அக்கறை இல்லை என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது. அக்கறையைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதுதான் என் தொழிலிலேயே கஷ்டமான காரியம்.

எங்கள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மாதக் கடைசியில் ஒரு பெரிய கட்டைப்பையோடு வருவார். பையைத் திறந்தால் சோப்பு வாசனைதான் முதலில் வரும். பிரியாணி டப்பாக்களைத் தேய்த்துக் கழுவி, மூடிகளைத் தனியாக அடுக்கியிருப்பார். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, மசாலாத் தூள் கவர் எல்லாவற்றையும் வெட்டி விரித்து, அலசி, கொடியில் காயப்போட்டு, துணி மடிப்பதைப்போல மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். சாம்பார் கட்டி வந்த மெல்லிய கவர்களைக்கூட விடமாட்டார்.

“எல்லாம் கழுவித்தாம்மா வச்சிருக்கேன். எதுலயும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது.”

“தெரியுதும்மா. ஆனா இந்தக் கட்டு பூராவையும் என்கிட்டயிருந்து வாங்குறதுக்கு ஆள் இல்லையே.”

“அப்ப இதுல முக்கோணம் போட்டிருக்கே, அது எதுக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவரையும் அனுப்ப எனக்கு மனம் வராது. அம்புகள் சுற்றிவரும் அந்த முக்கோணத்தைப் பார்த்தால் இந்தப் பொருள் மறுபடி பொருளாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் உள்ளே இருக்கும் எண்தான் சேதி. 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்கிற பெட். 2, ஷாம்பு பாட்டிலும் வாளியும் செய்கிற கெட்டி பாலிஎத்திலீன். 4 என்பது பால் கவர் வகை. 5 பாலிபுரோப்பிலீன், ஓட்டல் டப்பாக்கள் பெரும்பாலும் இதுதான். 6, தெர்மாகோல் தட்டின் இனம். 7 என்றால் முதல் ஆறு எண்களிலும் சேராதவை, அல்லது பல வகை சேர்ந்தவை. இது என்ன பிளாஸ்டிக் என்று அடையாளம் சொல்வதோடு அந்த எண்ணின் வேலை முடிந்தது. இந்த ஊரில் இதை எடுத்து உருக்க ஆள் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. மக்கள் தப்பாகப் படித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தப்பாகப் படிக்கும்படிதான் அது அச்சாகியிருக்கிறது.

எங்கள் கடையில் தரம் பிரிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். எழுத்து வாசிக்கத் தெரியாது. டப்பாவைக் கையில் எடுத்து ஒரு அமுக்கு அமுக்கி, அது கொடுக்கும் சத்தத்திலேயே இனம் சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் டிரம்மில் போடுவார். மிதந்தால் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், மூழ்கினால் பெரும்பாலும் பெட். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி, கழுத்தில் இருக்கும் வளையத்தைக் கத்தியால் கீறி எடுத்து, லேபிளை உரித்தபிறகுதான் பாட்டிலை மூட்டையில் போடுவார். பாட்டில் ஒரு இனம், மூடி ஒரு இனம், லேபிள் வேறு இனம். ஒன்றோடொன்று சேர்ந்து உருகினால் மூன்றும் கெட்டுப்போகும்.

சிப்ஸ் பாக்கெட்டில் இந்த வேலை நடக்காது. வெளியே அச்சிட்ட ஒரு படலம், உள்ளே அலுமினியம் பூசிய இன்னொரு படலம், ஓரத்தைச் சூட்டில் ஒட்ட வைக்க மற்றொன்று. காற்றும் ஈரமும் புகாமல் மாதக்கணக்கில் மொறுமொறுப்பு கெடாமல் இருப்பதற்காக இவற்றை ஒட்டிவிடுகிறார்கள். அந்த அக்காவின் கையாலும் சரி, எங்களிடம் வாங்கி உருக்குகிற ஆலையாலும் சரி, அதைப் பிரிக்க முடியாது. கழுவிக் காயப்போட்ட அந்த அம்மாவின் தண்ணீரும் நேரமும் வீண். அதை அவரிடம் நேராகச் சொல்லும்போது அவர் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும். அந்தப் பாக்கெட்டை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது எங்கள் கடை வாசலில் நின்று அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பால் கவரின் கதை வேறு. அது ஒரே இனம், உருக்குகிறவர்கள் விரும்பி வாங்குவார்கள், கிலோவுக்கு நல்ல விலை உண்டு. அதனால் மதுரையில் எத்தனையோ வீடுகளின் அடுப்படி ஜன்னல் கம்பியில் பால் கவர்கள் அலசிச் செருகியிருக்கும். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பழைய பேப்பர் கடையில் காசு கொடுப்பார்கள் என்பது தெரியும், அவ்வளவுதான். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பால் கவரின் மூலையை முழுக்கக் கத்தரித்து எடுக்காதீர்கள். ஒரு வெட்டு வெட்டி அந்த நுனி கவரோடு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். கவர் என்னிடம் வந்துவிடுகிறது, நுனித் துண்டு வருவதில்லை. பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடு போய்ச் சாக்கடையில் சேர்கிறது. தினம் ஒரு வீட்டுக்கு ஒரு துண்டு என்றாலும் எங்கள் ஊர் கிருதுமால் வாய்க்காலில் எவ்வளவு சேரும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஓட்டல் டப்பாவுக்கு வருகிறேன். பாலிபுரோப்பிலீன் நல்ல பிளாஸ்டிக். உருக்கினால் வாளியாகும், பூந்தொட்டியாகும். ஆனாலும் எனக்கு வருவது மிகக் குறைவு. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அரை லிட்டர் டப்பா நாற்பது சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். மஞ்சள் கறை படிந்த டப்பாவுக்கு நான் கொடுக்க முடிகிற விலை கிலோவுக்கு இருபது ரூபாயைத் தொடாது. அதாவது வாங்கும்போது டப்பாவுக்குப் பத்து ரூபாய் என்று நாற்பது டப்பாவுக்கு நானூறு ரூபாய் கொடுத்தவர், திருப்பிப் போடும்போது இருபது ரூபாய்கூடப் பெறமாட்டார். ஒரு டப்பாவுக்கு ஐம்பது காசு. அதற்காக எண்ணெய்ப் பிசுக்கைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, மாதக்கணக்கில் பரணில் அடுக்கி, தூக்கிக்கொண்டு வரச் சொன்னால் யார் வருவார்கள்? வருகிற அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம். வராதவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் சேர்த்து வைத்துப் பருப்பும் மிளகாயும் போட்டுப் புழங்குகிறவர்கள் நிறைய உண்டு. அதற்கும் ஒரு அளவு இருக்கிறதே. வாரம் நான்கு டப்பா வருகிற வீட்டில் எவ்வளவு பருப்பைத்தான் நிரப்புவது?

2018 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. தூக்குப்பை, உணவு கட்டும் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் இருந்தன. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்கு அளித்தார்கள். அந்த ஜனவரியை நான் மறக்க மாட்டேன். டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் கையில் தூக்குவாளியோடும் எவர்சில்வர் டிபன் கேரியரோடும் ஆட்கள் ஓட்டல் வாசலில் நின்றார்கள். பாத்திரம் கொண்டுவந்தால் பில்லில் கொஞ்சம் குறைத்த கடைகளும் இருந்தன. மதுரைக்காரர்களுக்கு அது புதிதே இல்லை. இரவில் பரோட்டாக் கடைக்குச் சால்னா வாங்கத் தூக்குவாளியோடு போன தலைமுறை இன்னும் இருக்கிறது. வாழை இலை விற்பவருக்கும் மந்தாரை இலை தைப்பவருக்கும் அந்த வருஷம் நல்ல வியாபாரம்.

அடுத்த வருஷமே கொரோனா வந்தது. உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும்தான் என்று உத்தரவு. தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வெளிப் பாத்திரத்தை எந்தக் கடையும் வாங்கவில்லை. மூடி போட்ட டப்பா சுத்தத்தின் அடையாளமாகிவிட்டது. தடைப் பட்டியலில் கவரும் தாளும் இருந்தன. இந்தக் கெட்டி டப்பாவின் பெயர் இல்லை. நோய் போனபிறகும் டப்பா போகவில்லை. போன வருஷம் ஒரு ஓட்டலில் என் எவர்சில்வர் டப்பாவை நீட்டியபோது, “வெளிப் பாத்திரம் வாங்குறதில்லைக்கா, டப்பாவுக்கும் சேர்த்துத்தான் பில்” என்று அந்தத் தம்பி சொன்னார். என் பாத்திரத்திலேயே வாங்கினாலும் பார்சல் சார்ஜ் குறையாதாம். அப்படியானால் பாத்திரம் கொண்டுபோகிறவருக்கு அபராதம் போட்டதைப்போலத்தானே ஆகிறது?

2021 டிசம்பரில் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை நான் மனதார வரவேற்றேன். காய்கறிக்கும் மளிகைக்கும் அது பலன் கொடுத்திருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்கள் கையிலேயே மஞ்சப்பை பார்க்கிறேன். ஆனால் சாம்பாரையும் பிரியாணியையும் மஞ்சப்பையில் வாங்க முடியாது. அங்கேதான் காசு வர வேண்டும்.

காசு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. காட்டிலும் மலைச் சரிவிலும் உடைத்துப் போட்ட மதுப் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நீதிமன்றத்தின் தலையீட்டில், 2022 மே மாதம் முதல் அந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் பத்து ரூபாய் திரும்பக் கொடுத்தார்கள். விற்ற பாட்டில்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் திரும்பி வந்தன. பிறகு கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. அந்தப் பாட்டில்களைக் காட்டில் எறிந்தவர்கள் யாரோ, அதே ஆட்கள்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இடையில் அவர்கள் யாரும் சுற்றுச்சூழல் பாடம் படித்துவிடவில்லை. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் மதிப்பு வந்தது, அதனால் அது குப்பையாகவில்லை.

நம் ஊருக்கு இது பழைய வழக்கமும்கூட. காளிமார்க் போவன்டோவைக் கடையில் நின்று குடித்துவிட்டுப் பாட்டிலை அங்கேயே வைத்துவிடுவோம். வீட்டுக்கு வேண்டுமென்றால் பாட்டிலுக்குக் காசு கட்டிவிட்டு எடுத்துப் போவோம். விருந்தாளிகள் கிளம்பியதும் காலிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் வேலை. கோலி சோடாவும் இப்படித்தான். அந்தப் பாட்டில்களை யாரும் வைகையில் எறியவில்லை.

இன்றைக்கு ஓட்டல்காரர் வாங்கும் பார்சல் சார்ஜும் டாஸ்மாக் வாங்கிய பத்து ரூபாயும் ஏறக்குறைய ஒரே அளவுதான். டாஸ்மாக்கில் அது திரும்பி வந்தது. ஓட்டலில் அது போனது போனதுதான். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதால் நுகர்வோர் தலையில் புதிதாக எந்தச் சுமையும் ஏறாது. ஏற்கெனவே கொடுக்கிற பணத்தில் டப்பாவின் அடக்கவிலை போக மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாலே போதும். ஐந்து ரூபாய் திரும்பினாலும் என் கடை விலையைவிட அது பத்து மடங்கு.

திரும்பி வந்த டப்பாவில் மறுபடி சாப்பாடு போடச் சொல்லவில்லை. மெல்லிய டப்பாவைச் சரியாகக் கழுவிக் கிருமி நீக்குவது கஷ்டம். சூடும் எண்ணெயும் பட்ட பிளாஸ்டிக்கில் திரும்பத் திரும்ப உணவு போடுவதும் நல்லதில்லை. திரும்பி வரும் டப்பாக்கள் ஒரே இனமாக, ஒரே இடத்தில், ஓரளவு சுத்தமாகச் சேர்ந்தால் எங்களைப்போன்ற கடைகள் நல்ல விலைக்கு எடுப்போம். குப்பையோடு குப்பையாக அவனியாபுரம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போனால் அதே டப்பாவை யாரும் தொட மாட்டார்கள். வசதியுள்ள ஓட்டல்கள் எவர்சில்வர் டப்பாவே கொடுத்து நூறோ நூற்றைம்பதோ முன்பணம் வாங்கலாம். தினம் மதியச் சாப்பாடு ஒரே மெஸ்ஸிலிருந்து வாங்கும் அலுவலகங்களுக்கு அது மிகப் பொருந்தும். சொந்தப் பாத்திரம் கொண்டுவருகிறவரிடம் பார்சல் சார்ஜ் வாங்கக் கூடாது என்பது மட்டும் நாளைக்கே ஆணையாக வரலாம்.

ஊழியர்களுக்கு வேலை கூடும் என்பார்கள். கூடும்தான். டாஸ்மாக் ஊழியர்களும் காலிப் பாட்டிலை வைக்க இடமில்லை, வேலைச்சுமை தாங்கவில்லை என்று போராடினார்கள். அதில் நியாயம் இருந்தது. அதனால் தொடக்கத்திலேயே, டப்பாவைத் திரும்ப வாங்குகிற கடைக்கு ஒரு ரூபாயாவது கூலி வைக்க வேண்டும். யாரும் திருப்பிக் கேட்காமல் மிஞ்சுகிற முன்பணமே அதற்குப் போதும். செல்போனில் ஆர்டர் செய்து வாங்குகிறவர்கள் கடைக்குப் போகமாட்டார்கள். அவர்களுக்காக எந்த டப்பாவையும் எந்தக் கடையிலும் எங்களைப்போன்ற பேப்பர் கடைகளிலும் கொடுக்க வழி வேண்டும். எங்களிடம் தராசும் இடமும் இருக்கின்றன, மூட்டை ஏற்றும் வண்டி வாரம் ஒருமுறை வருகிறது.

இதற்கெல்லாம் வேறு வழி இருக்கிறதே என்று இரண்டு பதில்கள் வரும். ஒன்று, பிளாஸ்டிக் சாலை. எங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தது. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவிப் பூச்சாகப் பிடிக்கவைத்துப் பிறகு தார் கலக்கும் முறை. மதுரைக்காரி என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. நான் திருப்பி அனுப்புகிற சிப்ஸ் பாக்கெட்டுக்கும் அங்கே இடம் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் ஒற்றைத் தடச் சாலைக்கு ஏறக்குறைய ஒரு டன்தான் பிடிக்கும். அந்த ஒரு டன்னையும் யாராவது பொறுக்கி, பிரித்து, துணுக்காக்கித் தர வேண்டும். சாலை வந்தாலும் சேகரிப்பு இல்லாமல் அது நடக்காது.

மற்றது, மக்கும் டப்பா, மக்கும் கவர். சோளமாவில் செய்தது என்று கொடுக்கிறார்கள். அதில் பல வகைகள், சூடும் ஈரமும் அளவாகக் காக்கும் பெரிய உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். கொல்லையில் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். என் கடையில் வேறு தொல்லை. பார்க்க அசல் கவர் மாதிரியே இருப்பதால் பால் கவர் மூட்டையில் கலந்துவிடுகிறது. கலந்த மூட்டையை ஆலைக்காரர் விலை குறைத்துத்தான் எடுப்பார். வீட்டில் நல்ல மனதோடு கூடுதல் காசு கொடுத்து வாங்கியவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

விதியும் இருக்கத்தான் செய்கிறது. தயாரிப்பாளர்கள் தங்கள் உறைகளுக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. மறுசுழற்சி செய்ததற்குச் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். அடுத்த வருஷமே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. சரக்கு எடைமேடையில் ஏறாமல் காகிதம் மட்டும் கைமாறினால் அப்படித்தான் ஆகும். கைக்குக் கை டப்பாவும் காசும் மாறுகிற இடத்தில் அந்தப் பொய் நடப்பது கடினம்.

இன்னும் சிலருக்கும் இதில் பங்கு உண்டு. விடியுமுன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பொறுக்குகிறவர்கள் ஏழு மணிக்கெல்லாம் என் கடைக்கு வந்துவிடுவார்கள். பெட் பாட்டில், இரும்பு, அட்டை எடுப்பார்கள். ஓட்டல் டப்பா குப்பைத்தொட்டியில் குவிந்து கிடந்தாலும் விட்டுவிட்டு வருவார்கள். நாற்பது டப்பா பொறுக்கிக் கழுவினால் ஒரு டீக்கும் வடைக்கும்தான் தேறும் என்பது அவர்களுக்குத் தெரியும். டப்பாவுக்கு ஐந்து ரூபாய் என்று ஆகிவிட்டால் அதே நாற்பது டப்பா இருநூறு ரூபாய். வீட்டுக்காரர் சோம்பலில் எறிந்துவிட்டாலும் அடுத்த நாள் காலையில் அதை எடுக்க ஆள் இருப்பார். ஒரு மண்டலத்தில், பெரிய ஓட்டல்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, ஆறு மாதம் மதுரை மாநகராட்சி இதை நடத்திப் பார்க்கட்டும். திரும்பி வரும் டப்பாக்களை எடை போட்டு எடுத்துக்கொள்ள எங்கள் கடை தயார்.